கட் சொல்ல மறந்த இடம்

படத்தொகுப்பாளர் பிலோமினாவிடம் வேலை கற்றவர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "மேடம் எதையும் சொல்லித் தரமாட்டாங்க" என்றுதான் தொடங்குவார்கள். அதைக் குறையாகச் சொல்வதில்லை.

திரைப்படக் கல்லூரியில் அவர் பாடம் எடுக்க வந்த முதல் வருடம் அந்த வகுப்பில் இருந்தவன் மாசானமுத்து. ஆசிரியைக்கும் மாணவனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. இப்போது இருவருக்குமே நரைத்துவிட்டது. அவர் சாலிகிராமத்தில் ஒரு மாடி அறையில் இன்னமும் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவனுடைய பெயர் திரையில் வந்தால் தியேட்டரில் விசில் அடிக்கிறார்கள். சண்டையும் துரத்தலும் நிறைந்த படங்கள். சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கிற இயக்குநர் என்று தயாரிப்பாளர்களிடம் நல்ல பெயர்.

ஒரு காலை நேரம், போன்கூடச் செய்யாமல் அவன் அந்த அறைக்கு வந்தான். கையில் ஒரு பென்டிரைவ் இருந்தது.

"திருச்சியில ஒரு ஃபிலிம் சொசைட்டி மேடம். என் படத்தையெல்லாம் வரிசையாப் போடறாங்களாம். அதுக்கு முன்னாடி இதைப் போடணுமாம்."

"எதை?"

"எட்டேகால் பஸ்."

பிலோமினா சிரித்துவிட்டார். அது அவன் கல்லூரியில் எடுத்த குறும்படம். "அது இன்னும் இருக்கா?"

"எங்கேயோ ஒரு பிரின்ட் கிடைச்சிருக்கு. சுத்தம் பண்ணி டிஜிட்டல் ஆக்கிட்டாங்க."

"நல்லதுதானே."

"இதைப் படிங்க." அவன் தன் போனை நீட்டினான். சொசைட்டியின் அழைப்பிதழ் அதில் இருந்தது. ஒரு இயக்குநரின் பயணம் முழுவதும் அவருடைய முதல் குறும்படத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பிலோமினா படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நிஜமா மேடம்? முதல் படத்தைப் பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிடுமா?"

"தெரியலாம்."

"அப்ப நான் மாட்டிக்கிட்டேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு போன வாரம் நடந்ததைச் சொன்னான்.

புதுப் படம் முடிந்துவிட்டது. தயாரிப்பாளர் ரவூப் பாய் தனக்கு வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. செத்துப்போனவனின் அம்மாவிடம் போலீஸ்காரர் வந்து செய்தி சொல்கிற காட்சி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வரும் எல்லாச் சண்டையும் அந்த அம்மாவுக்காகத்தான். அந்தக் காட்சியில் அம்மா அலறுகிறாள், கீழே விழுகிறாள், இசை பொங்குகிறது. மாசானம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்த அலறலின் நடுவே முன்வரிசையில் ஒரு போனின் வெளிச்சம் தெரிந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"படம் முடிஞ்சதும் எல்லாரும் கை குடுத்தாங்க. பாய் மட்டும் வாசல்ல நிறுத்தி, 'ஏதோ ஒண்ணு இல்ல டைரக்டர்'னாரு. என்ன இல்லன்னு அவருக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல."

பிலோமினா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அவன் பக்கம் வைத்தார்.

"எனக்குள்ள ஒண்ணுமே கிடையாதோன்னு பயமா இருக்கு மேடம். அங்கங்க பாத்ததை எடுத்து எடுத்துக் காலத்தை ஓட்டிட்டேன். இந்தக் குறும்படத்தைப் போட்டா அது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வெட்டிக் குடுங்க. மானம் போகாத அளவுக்கு ஆக்கிட்டா போதும்."

"நான் வெட்டமாட்டேன். நீ வெட்டு."

"நானா?"

"எது உனக்குக் கூச்சமா இருக்கோ அதை எடுத்துடு. இது நகல்தானே, பயப்படாம வெட்டு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

முதலில் முழுப்படத்தையும் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளை. ஒரு கம்பெனி குமாஸ்தாவுக்கு வேலை போய்விடுகிறது. மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் வழக்கம்போல டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு எட்டேகால் பஸ்ஸில் ஏறிப் போகிறான். சாயங்காலம்வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறான். கடைசியில் ஒரு நாள் கடலுக்குள் நடந்து போய்விடுகிறான். பின்னணியில் வயலின் அழுகிறது.

மாசானம் முதலில் கடலை வெட்டினான்.

"ஏன்?" என்றார் பிலோமினா.

"அவனை வச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. சாகடிச்சிட்டா படம் முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

"சரி."

பிறகு வயலினை எடுத்தான்.

"நல்லாத்தானே வாசிச்சிருக்காரு?"

"அதான் பிரச்சினை. பாக்கறவங்க அழறதுக்கு முன்னாடியே அவர் அழுது முடிச்சிடறாரு." சொல்லிவிட்டு அவன் ஒரு கணம் நின்றான். தன் புதுப் படத்தின் நினைவு வந்திருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு காட்சி. மரத்தின் உச்சியிலிருந்து கேமரா மெதுவாகக் கீழே இறங்கி வருகிறது. அதையும் வெட்டுவதற்காக அவன் தேர்ந்தெடுத்தான்.

"இது?"

"அந்த வருஷம் கல்லூரியில போட்ட ஒரு வெளிநாட்டுப் படத்துலேர்ந்து அப்படியே எடுத்தது."

"மரத்துல ஏறினது யாரு?"

"நான்தான். கேமராமேன் மாட்டேன்னுட்டான். கயித்தைக் கட்டிக்கிட்டு நானே இறங்கினேன். முழங்கை பூரா சிராய்ப்பு."

"அப்ப மரம் உன்னோடது. ஷாட் அவங்களோடது."

இருவரும் சிரித்தார்கள். அந்தக் காட்சியும் போனது. வேலை போனதைப் பற்றி நண்பனிடம் குமாஸ்தா பேசுகிற நீளமான வசனம் போனது. பூங்காவில் பட்டாம்பூச்சி போனது. வெட்ட வெட்ட அவனுக்குக் கை வேகமாக ஓடியது. வந்தபோது முகத்தில் இருந்த இறுக்கம்கூடக் குறைந்திருந்தது. பிலோமினா ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று மட்டும் கேட்டார். அவன் சொன்ன பதில் எதையும் மறுக்கவில்லை.

மதியம் ஆனபோது சமையலறைக் காட்சி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

மனைவி டிபன் கேரியரைக் கட்டிக் கணவனிடம் கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறான். காட்சி அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள். ஒரு துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்கிறாள். மேடை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது. அதே இடத்தைத் திரும்பவும் துடைக்கிறாள். கை மெதுவாகிக்கொண்டே வந்து நின்றுவிடுகிறது. வாசல் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மாசானம் அதையும் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தான்.

"இது ஏன்?"

"இது தப்பு மேடம். அவன் போனதும் கட் சொல்லியிருக்கணும். சொல்ல மறந்துட்டேன். கஸ்தூரி பாவம், நிஜ நடிகை இல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்துட்டு இருந்தவங்க, ஃப்ரெண்டோட அக்கா. கட் வரலன்னதும் என்ன பண்றதுன்னு தெரியாம ஏதோ பண்ணிட்டு இருந்தாங்க. வேற டேக் எடுக்க ஃபிலிம் இல்ல. அதனால அப்படியே இருந்துபோச்சு."

"அந்த மனைவிக்குப் புருஷனோட வேலை போனது தெரியுமா?"

"தெரியாது. கதையே அதுதானே."

"இன்னொரு தடவை போடு."

போட்டான். துணி மேடையின் மேல் போய்ப் போய் வந்தது. நின்றது.

மாசானம் திரையைப் பார்த்தபடியே இருந்தான். "தெரிஞ்சிருக்கு" என்றான் மெதுவாக. "அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

அவன் காட்சியை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோனான்.

"தெரிஞ்சும் கேரியர் கட்டிக் குடுக்கிறா. தினமும்."

"கட் சொல்ல ஏன் மறந்த?"

அவன் யோசித்தான். "அவங்களைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"அதுக்கப்புறம் எந்தப் படத்துலயாவது மறந்திருக்கியா?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இல்லை என்பதை இத்தனை வருடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். இப்போது அது பெருமையாக வரவில்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

அன்றே ரவூப் பாயிடம் போய், அம்மாவின் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும் என்றான். பாய் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீங்களாவே கேக்கறீங்கன்னா ஏதோ புடிபட்டிருக்கு. எடுங்க" என்றார்.

செங்கல்பட்டுக்கு அருகே முன்பு எடுத்த அதே வீட்டில் மறுபடி எடுத்தார்கள். அம்மாவாக நடித்தவர் மல்லிகேஸ்வரி. மேடை நாடகத்திலிருந்து வந்தவர். எத்தனையோ படங்களில் எத்தனையோ மகன்களுக்காக அழுதிருக்கிறார். போலீஸ்காரர் செய்தியைச் சொன்னதும் வழக்கம்போல அலறினார், விழுந்தார், தரையில் அடித்துக்கொண்டு அழுதார். மாசானம் கூடாரத்துக்குள் மானிட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, உதட்டைக் கடித்தபடி, கட் சொல்லாமல் இருந்தான்.

மல்லிகேஸ்வரி இன்னும் அழுதார். இன்னும் அடித்துக்கொண்டார். கட் வரவில்லை. அழுகை இருமலாக மாறியது. கடைசியில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து, "டைரக்டர் சார் இருக்காரா, வீட்டுக்குப் போயிட்டாரா?" என்றார்.

படப்பிடிப்புக் குழுவே சிரித்தது. மாசானத்துக்குக் காது சுட்டது. இன்றைக்குப் போதும், பேக்கப் என்று சொல்லிவிட்டு நேராகச் சாலிகிராமத்துக்கு வந்தான்.

"கட் சொல்லாம இருந்து பாத்தேன் மேடம். ஒண்ணும் வரல."

"சொல்லாம இருந்தியா, மறந்தியா?"

"வேணும்னே எப்படி மறக்க முடியும்?"

"முடியாது."

"அப்ப என்னதான் பண்றது?"

பிலோமினா வேறொரு படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எங்க உக்காந்திருந்த?"

"மானிட்டர் முன்னாடி. கூடாரத்துல."

"எட்டேகால் பஸ் எடுத்தப்ப?"

"அப்ப ஏது மானிட்டர்? கேமராவுக்குக் கீழ தரையில உக்காந்திருந்தேன். கஸ்தூரி துடைச்ச தண்ணி என் மேல சொட்டிச்சு."

பிலோமினா தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவர் போலத் தன் வேலையைத் தொடர்ந்தார். மாசானம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு போய்விட்டான்.

அடுத்த நாள் கூடாரத்தைப் போட வேண்டாம் என்றான். உதவி இயக்குநர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேமராவின் கால்களுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

மல்லிகேஸ்வரி வந்தார். "நேத்து எல்லாரையும் சிரிக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கணும் சார்."

"பரவால்லம்மா. சிரிக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"இன்னைக்கு எப்படிச் செய்யணும்? எந்த இடத்துல விழணும்னு சொல்லிட்டா விழுந்துடுவேன்."

அவன் எப்போதும் சொல்லிக் கொடுப்பவன்தான். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை நடித்தே காட்டுவான். அவனோடு வேலை செய்ய நடிகர்கள் ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"எனக்குத் தெரியலம்மா" என்றான்.

மல்லிகேஸ்வரிக்குப் புரியவில்லை. "என்ன சார்?"

"ஒரே பையன். செத்துட்டான்னு வாசல்ல வந்து ஒருத்தர் சொல்றார். அந்த அம்மா என்ன செய்வாங்கன்னு நிஜமாவே எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரிதான் எழுதி வச்சிருந்தேன். நீங்க செய்ங்க. நான் பாக்கறேன்."

மல்லிகேஸ்வரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டுக்குள் போய், கதவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நின்றுகொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு உள்ளேயிருந்து, "ம்" என்று ஒரு குரல் வந்தது.

கேமரா ஓடியது.

போலீஸ்காரராக நடித்தவர் வாசலுக்கு வந்து நின்றார். மல்லிகேஸ்வரி வெளியே வந்தார். போலீஸ்காரர் தன் வசனத்தைச் சொன்னார். உங்க பையன் இறந்துட்டாருங்க அம்மா.

அந்த அம்மா அவரைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்கிறீங்களே" என்றார். உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்தார். போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அந்த அம்மா காத்திருந்தார். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திரும்பி இரண்டடி நடந்தார். நின்றார்.

"எந்தப் பையன்?" என்று கேட்டார்.

போலீஸ்காரருக்கு அந்த இடத்தில் எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. ஒலிப்பதிவுக்காரர்கூட அதற்கு முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து, மிச்சமிருந்த தண்ணீர் காலடியில் ஒழுகியது. அது அவருக்குத் தெரியவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். மாசானம் நிமிர்ந்து பார்த்தான். கேமராமேன் குனிந்து நின்றார். "சார்" என்றார் மிக மெதுவாக. "கட் சொல்லட்டுமா?"

அப்போதுதான் அவனுக்குத் தான் ஒரு இயக்குநர் என்ற நினைவு வந்தது.

அந்த ஷாட்டைப் பிலோமினாவிடம் கொண்டுவந்து காட்டினான். அவர் பார்த்தார். திரும்பப் போடச் சொல்லவில்லை.

"எங்க வெட்டப் போற?"

"வெட்டலை."

"இசை?"

"வேண்டாம்."

"பாய் ஒத்துக்குவாரா?"

"நேத்தே பாத்துட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எழுந்து போய் அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணாரு."

பிலோமினா சிரித்தார். "அப்ப திருச்சிக்கு என்ன அனுப்பப் போற? அன்னைக்கு வெட்டினது இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"முழுசாவே போடச் சொல்லிட்டேன் மேடம்."

"கடலு?"

"கடலும் இருக்கட்டும். மரமும் இருக்கட்டும். அதையெல்லாம் எடுத்த அந்தப் பையனும் நான்தானே. அவனை மட்டும் எங்க கொண்டுபோய் விடறது?"

புதுப் படம் வெளியானது. மாசானத்தின் பழைய ரசிகர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வேகம் குறைந்துவிட்டது என்றார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள். முதல் வாரம் பாதி நிரம்பிய அரங்குகள் மூன்றாவது வாரத்தில் நிரம்பின. மதுரையில் ஒரு தியேட்டர் மேனேஜர் மாசானத்துக்குப் போன் செய்தார். அம்மாவின் காட்சி வரும்போது கேன்டீன்காரர் பாப்கார்ன் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார் என்றும், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றும் சொன்னார். மல்லிகேஸ்வரிக்கு அதன்பின் புதிதாக எழுதப்பட்ட வேடங்கள் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றில் தனக்கு மகனே கிடையாது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சித் திரையிடலும் நடந்தது. ஒரு ஞாயிறு காலை. பிலோமினாவையும் அழைத்துக்கொண்டு மாசானம் காரில் போனான். அரங்கில் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். எட்டேகால் பஸ் ஓடியபோது மரத்திலிருந்து கேமரா இறங்கியதும் சிலர் கைதட்டினார்கள். கடல் வந்தபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சமையலறையில் மட்டும் சத்தம் இல்லை.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்து மைக்கை வாங்கினாள். "சார், உங்க பயணம் முழுக்க இந்தப் படத்துலயே தெரியுதுன்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு. உங்களுக்கு என்ன தெரியுது?"

"அந்தப் பையன் நிறைய படம் பாத்திருக்கான்னு தெரியுது" என்றான் மாசானம்.

அரங்கு சிரித்து முடித்தது. அந்தப் பெண் உட்காரவில்லை. "அவ்வளவுதானா சார்?"

அவன் அவளைப் பார்த்தான். விளையாட்டாகச் சொன்னது போதாது என்று தோன்றியது. "ஒரு இடத்துல அவன் படத்தை மறந்துட்டு ஒரு மனுஷியைப் பாத்துட்டான். அது அவனுக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா வெட்டியிருப்பான்."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினார்கள். நல்ல காற்று. எதிரே மக்காச்சோளம் விளைந்து நின்றது. கடைக்காரர் மாசானத்தை அடையாளம் கண்டுகொண்டு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தார்கள்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாசானம் வயலைப் பார்த்தான். ரொம்ப நேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டான்.

"மேடம், அந்தச் சமையலறை ஷாட்டு கல்லூரியில பாத்த அன்னைக்கே உங்க கண்ணுல பட்டுதா?"

"இல்ல. நான் கடலுக்குத்தான் மார்க் போட்டேன்."

அவனுக்கு அது எதிர்பாராததாக இருந்தது. சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"யாராவது ஒருத்தர் அன்னைக்கே சொல்லியிருக்கலாம். தம்பி, உன்கிட்ட இருக்கறது இதுதான்னு. இத்தனை வருஷம் வீணாப் போயிருக்காது."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"விட்டிருக்கவே மாட்டேன். எடுத்த ஒவ்வொரு படத்துலயும் அதை வச்சிருப்பேன்."

"ம்" என்றார் பிலோமினா. டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "அப்ப உன் முதல் படத்தைப் பாத்தாலே போதும்னு ஆகியிருக்கும். மத்ததைப் பாக்க யாரு வருவா?"